நக்சல் இயக்கத்திலிருந்து அமைதிப் பணிக்கு: வரலாற்றாசிரியர் திலீப் சிமியன்

புது தில்லி: வன்முறையைக் கண்டிப்போர் பலர் அதை அருகிலிருந்து அறியாதவர்கள். தில்லி வரலாற்றாசிரியர் திலீப் சிமியன் அத்தகையவர் அல்லர். செயிண்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பயின்றபோது, 1970-இல் படிப்பைத் துறந்து நக்சல் இயக்கத்தில் சேர்ந்த இளைஞர்களுள் அவரும் ஒருவர். இயக்கம் சிதறியது, அவர் வரலாற்றுக்குத் திரும்பினார். 1974 முதல் 20 ஆண்டுகள் ராம்ஜாஸ் கல்லூரி ஆசிரியர். அங்கு நடந்த ஆசிரியர் போராட்டத்தையொட்டி 1982-இல் தாக்கப்பட்டு, எலும்பு முறிந்து நெடுநாள் அவதியுற்றார்.

அவருடைய ஆய்வு சோட்டா நாகபுரித் தொழிலாளர்களைப் பற்றியது. ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையும் நிலக்கரிச் சுரங்கங்களும் கண்ட போராட்டங்களை, 1928 முதல் 1939 வரை ஆராயும் நூல் 1995-இல் வெளிவந்தது.

எனினும் தலைநகரில் அவர் பெயர் நிலைத்தது 1984-க்குப் பின்னரே. இந்திரா காந்தி கொலையைத் தொடர்ந்து தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கு. அப்போது ஆசிரியர்களும் மாணவர்களும் இணைந்து தொடங்கிய 'சம்பிரதாயிக்தா விரோதி ஆந்தோலன்' என்ற வகுப்புவாத எதிர்ப்பு இயக்கத்தில் சிமியன் முன்னின்றார். பின்னர் 1998 முதல் 2003 வரை ஆக்ஸ்பாமின் மோதல் தணிப்புத் திட்டத்திலும், தொடர்ந்து அமன் அறக்கட்டளையிலும் பணியாற்றினார்.

அரசு, மதவெறிக் கும்பல், புரட்சிக் குழு என யார் கொன்றாலும் கொலை கொலையே என்பது அவர் நிலை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று இடதுசாரித் தோழர்கள் கேட்கக்கூடும், நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இயக்கத்திலிருந்து வந்த ஒருவர் சொல்லும்போது அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்நாள்களின் பின்னணியில் அவர் எழுதிய 'ரெவல்யூஷன் ஹைவே' நாவல் 2010-இல் வெளியானது.

நாடாளுமன்றம் இவ்விஷயத்தில் வேகம் காட்டியதில்லை. நானாவதி ஆணைய அறிக்கை 2005 ஆகஸ்டில்தான் அவைக்கு வந்தது. அதையொட்டிப் பிரதமர் மன்மோகன் சிங் மன்னிப்புக் கோரினார். அதே ஆண்டு டிசம்பரில் அறிமுகமான வகுப்புக் கலவரத் தடுப்பு மசோதா சட்டமாகவில்லை. திருத்திய வடிவமும் 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையில் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. மாநில உரிமையில் தலையீடு என்ற வாதம் அன்று எடுபட்டது. முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்குத் தில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பரில். அதாவது 34 ஆண்டுகளுக்குப் பிறகு.