பவனா நதியோரம் ஒரு சைக்கிள் பயணம்

தாபோடியிலும் போபோடியிலும் கட்கியிலும் குடியிருக்கும் நம் சங்க அன்பர்கள் எல்லோருக்கும் ஹாரிஸ் பாலம் தெரியும். வேலைக்கும் கடைக்கும் கல்யாணத்துக்கும் அதன் மேல்தான் போய்வருகிறோம். கோடைக்காலமானால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறோம். போன வருடம் ஒருநாள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த என் பேத்தி, "தாத்தா, இது என்ன ஆறு?" என்று கேட்டாள். "முட்டா" என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கேட்டுவிட்டு வந்து, "தப்பு தாத்தா, இது முளா. பக்கத்திலேயே பவனா என்று இன்னொரு ஆறு வந்து இதில் சேருகிறது" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரயில்வேயில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பக்கத்தில் உள்ள ரயில் பாலத்தின் மேல் எத்தனை ஆயிரம் முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. பாலத்தின் கர்டரையும் தூணையும் பார்த்தேனே தவிர, அடியில் ஓடுகிற ஆற்றின் பெயரைச் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஊர்ப்பக்கம் போனால் மட்டும் "எங்கள் காவேரி" என்று பெருமையாகப் பேசுவோம். முப்பது வருடத்துக்கு மேலாகக் குடித்து வருகிற தண்ணீர் எந்த ஆற்றுத் தண்ணீர் என்று தெரியாது.

விசாரித்தபோது விஷயம் இதுதான். தாபோடி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்தது. மாநகராட்சிக்கு முக்கியமான நீர் ஆதாரம் பவனா அணை. அணையில் திறந்துவிடும் தண்ணீர் ஆற்றின் வழியாகவே ராவேத் வரை வருகிறது. அங்கே ஒரு தடுப்பணையில் அதை இறைத்து, நிக்டியில் சுத்தம் செய்து, நம் வீட்டுக் குழாய்க்கு அனுப்புகிறார்கள். 2019 நவம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்று முறை வைத்தபோது குடம் குடமாகப் பிடித்து வைத்தோமே, அது இந்தப் பவனாவின் தண்ணீர்தான். இதன் தலைமாடு வரை போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றியது.

கார் வேண்டாம், சைக்கிள்தான் என்று முடிவு செய்தேன். வீட்டில் பெரிய எதிர்ப்பு. "இந்த வயசில் முழங்காலை உடைச்சுக்கிட்டு வந்தா யார் பார்க்கிறது?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்து வீட்டு மராட்டிய நண்பரும் கூட வருகிறார் என்றதும் பாதி சம்மதம் கிடைத்தது. அவரை நான் 'பாவு' என்பேன். தமிழர் என்றால் இங்கே எல்லோரும் அழைப்பது போல அவர் என்னை 'அண்ணா' என்பார். ஒரு காலத்தில் புனேயைச் சைக்கிள் நகரம் என்றே சொல்வார்கள். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் தொழிற்சாலை வாசலில் சைக்கிள்கள் வெள்ளமாக வரும். அந்தக் கூட்டத்தில் நாங்கள் இருவரும் இருந்தவர்கள்தான். ஆகவே கால் பழக்கம் முழுவதும் விட்டுப் போகவில்லை. ஒரு மாதம் தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டிப் பழகினோம்.

கறுப்பு ஆறும் வெள்ளை ஆறும்

டிசம்பர் மாதம், விடிவதற்கு முன் ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். நல்ல குளிர். மப்ளரும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டோம். காசர்வாடி, பிம்ப்ரி தாண்டிச் சிஞ்ச்வட் ஊருக்குள் நுழையும்போது வெளிச்சம் வந்துவிட்டது. மோரயா கோசாவி என்னும் கணபதி பக்தரின் சமாதிக் கோயில் இங்கே பவனா ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் அணையைத் திறந்துவிட்டால் கோயிலுக்குள் வெள்ளம் வந்துவிடும். நாங்கள் போன சமயம் ஆறு அசையாமல் கிடந்தது. மேலே ஆகாயத்தாமரை மூடியிருந்தது. இடையில் தெரிந்த தண்ணீர் கறுப்பு. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

ராவேத் தடுப்பணைக்கு வந்ததும் சைக்கிளை நிறுத்தினோம். அணைக்கட்டுக்கு மேலே தெளிந்த தண்ணீர். ஒரு நீர்க்காக்கை மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தது. நாம் குடிக்க எடுப்பது மேலே உள்ள தண்ணீர். நாம் திருப்பிக் கொடுப்பது கீழே கறுப்பாகக் கிடப்பது. இரண்டுக்கும் இடையில் நகரமும் தொழிற்சாலைகளும் நம் வீட்டுச் சாக்கடையும் இருக்கின்றன. காரில் போனால் இந்த இரண்டு ஆறும் ஒன்றுதான் என்பது புரியவே புரியாது.

பணியில் இருந்த காலத்தில் புஷ் டிராலியில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பரிசோதிப்போம். ஆட்கள் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அந்த வேகத்தில் போனால்தான் தளர்ந்த பிஷ் பிளேட்டும் உடைந்த ஸ்லீப்பரும் கண்ணில் படும். சைக்கிளின் வேகமும் ஏறக்குறைய அதுதான். இன்னொன்றும் உண்டு. ரயில்காரனுக்கு எங்கே போனாலும் ஏற்ற இறக்கத்தில்தான் கண். லோனாவ்லாவுக்கு அப்பால் போர் காட்டில் ரயில் பாதை 37 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. 1863-ல் திறந்த அந்தப் பாதையில் இன்றைக்கும் ரயில்களுக்குப் பின்னாலிருந்து தள்ள இஞ்சின் வேண்டியிருக்கிறது. ஆனால் பவனா அணையிலிருந்து தாபோடி வரை ஆறு இறங்குவது மொத்தத்தில் ஏறத்தாழ அறுபது, எழுபது மீட்டர்தான். கிட்டத்தட்ட ஆயிரத்துக்கு ஒன்று. ஆற்றோரப் பாதையில் அறுபது வயதுக்காரர்கள் ஓட்ட முடிகிற ரகசியம் இதுதான். ஆறு எங்கே சுலபமோ அங்கே போகிறது. நாமும் அதன் பக்கத்திலேயே போனால் போதும்.

நெல் வயல்களின் நடுவே

கிவளேயில் பழைய மும்பை நெடுஞ்சாலையைப் பிடித்து, சோமாட்டணே பாட்டாவில் இடது புறம் திரும்பி, ஷிர்காவ் வழியாகச் சாந்த்கேட் பக்கம் போனோம். லாரிச் சத்தம் நின்றது. இருபுறமும் கரும்பும் அறுவடை முடிந்த நெல் வயல்களும். இது மாவள் பகுதி. 'இந்திராயணி' என்று நம் வீட்டுப் பெண்கள் கடையில் கேட்டு வாங்குகிற வாசனை அரிசி, இந்தத் தாலுகாவில் வட்காவில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம். கொஞ்சம் குழைவாக இருக்கும். சாம்பார் சாதத்துக்குச் சரிப்படாது, வெண்பொங்கலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. களத்தில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டோமோ என்று ஒரு நிமிஷம் மயக்கம்.

ஒரு சாலையோர வீட்டில் பாக்ரியும் பிட்லாவும் பச்சை மிளகாய் டேச்சாவும் கொடுத்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். தாபோடியிலிருந்து சைக்கிளில் என்றதும் அந்த அம்மா இன்னும் ஒரு பாக்ரியைத் தட்டில் போட்டார்.

மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பவனாநகர் போய்ச் சேர்ந்தோம். என் கணக்கில் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்.

நீருக்கு அடியில் ஓர் ஊர்

அணை மண் அணை. 1970-களின் தொடக்கத்தில் முடிந்தது. சுமார் எட்டரை டி.எம்.சி. தண்ணீர் கொள்ளும். ஏரியைச் சுற்றி லோஹகட், விசாபூர், திகோனா, துங் என்று நான்கு கோட்டைகள் மலை மேல் காவல் நிற்கின்றன. இவற்றில் லோஹகட்டுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 2025-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் லோஹகட் ஒன்று, நம் செஞ்சிக் கோட்டை இன்னொன்று. 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்த வரலாறு நாம் அறிந்ததே.

அன்றிரவு ஏரிக்கரையிலேயே தங்கினோம். இப்போது கரை நெடுக கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். சாயங்காலம் தண்ணீர் ஓரமாக மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தோம். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். "உங்கள் தாபோடியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டார்.

"எங்கே காகா, ஒருநாள் விட்டு ஒருநாள்தான்" என்று குறைப்பட்டுக்கொண்டேன்.

அவர் ஏரியைக் கையால் காட்டினார். "எங்கள் பழைய வீட்டில் ஒருநாள்கூட நிற்பதில்லை" என்றார்.

பாவு சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாலிபராக இருந்தபோது இந்தத் தண்ணீருக்கு அடியில்தான் அவருடைய வீடும் நிலமும் போயின. அணைக்காக நிலம் கொடுத்த குடும்பங்களில் பலர் மாற்று நிலத்துக்காகப் பல பத்தாண்டுகள் அலைந்திருக்கிறார்கள். வாகேஷ்வர் என்று ஒரு பழைய சிவன் கோயிலும் உள்ளே இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றினால் வெளியே தெரியும். "மே மாதம் வாருங்கள், தரிசனம் செய்யலாம்" என்றார்.

என் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. அவள் பிறந்த ஊர் மேட்டூர் அணைக்குள் போன ஊர்களில் ஒன்று. 1934-ல் அணை முடிந்தபோது அவளுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. மேட்டூரிலும் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தலைகாட்டும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது மேட்டூர் அணைப் பூங்காவுக்குப் போகலாம் என்று எவ்வளவு கூப்பிட்டும் பாட்டி ஒருமுறைகூட வந்ததில்லை. காரணமும் சொன்னதில்லை. அந்தக் காரணத்தைப் பவனா ஏரிக்கரையில் ஒரு மராட்டியப் பெரியவர் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

முளா நதியின் கதையும் இதேதான். அதன் தலைமாட்டில் முள்ஷியில் டாடா மின்சாரத்துக்காக அணை கட்டியபோது, 1921-ல் சேனாபதி பாபட் தலைமையில் விவசாயிகள் சத்தியாகிரகம் செய்தார்கள். ஆனாலும் அணை வந்தது. கிழக்கே ஓட வேண்டிய தண்ணீரை மேற்கே திருப்பிப் பீராவில் மின்சாரம் எடுக்கிறார்கள். தாபோடியில் கூடுகிற இரண்டு ஆறுகளிலும் இப்படி ஊர்கள் மூழ்கியிருக்கின்றன.

திரும்பும் வழியில்

மறுநாள் பேட்ஸே வழியாகக் காம்ஷேத் வந்தோம். பேட்ஸேயில் படியேறிப் போனால் ஈராயிரம் ஆண்டுப் பழமையான பௌத்தக் குகைகள். தூண்களின் உச்சியில் குதிரையும் யானையும், அவற்றின் மேல் ஆணும் பெண்ணும். கார்லாவுக்குப் போகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இங்கே இல்லை.

காம்ஷேத்துக்கு அருகில் பௌர் என்னும் கிராமம். அணையிலிருந்து நிக்டி வரை சுமார் 35 கிலோமீட்டருக்கு மூடிய குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுபோகத் திட்டம் வந்தபோது, ஆறு வற்றிவிடும், எங்கள் வயல் காய்ந்துவிடும் என்று மாவள் விவசாயிகள் எதிர்த்தார்கள். 2011 ஆகஸ்ட் 9 அன்று பௌர் அருகே மும்பை-புனே விரைவுச் சாலையில் நடந்த மறியலில் போலீஸ் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். அன்று அந்தச் செய்தியை நானும் பேப்பரில் படித்திருப்பேன். படித்துவிட்டுக் குழாயில் பல் தேய்த்திருப்பேன். நகரத்துக்கும் தண்ணீர் வேண்டும், மறுக்க முடியாது. ஆனால் யாருடைய ஆற்றிலிருந்து வருகிறது என்று தெரிந்தாவது குடிக்க வேண்டாமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் பெரியவர்கள் சொன்னது தண்ணீருக்கும் பொருந்தும்தானே.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். சனி, ஞாயிறு மாலைகளில் ஏரிப் பக்கம் வண்டி நெரிசல் அதிகம், வார நாளில் போங்கள். பங்க்சர் சாமானும் ஒரு டியூபும் பம்பும் கட்டாயம். விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ஏரியில் இறங்கிக் குளிக்க வேண்டாம், ஆழம் தெரியாமல் உயிர் போன சம்பவங்கள் உண்டு. பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அங்கே போட்டால் அது நம் குழாய்ப் பக்கம்தான் வரும். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் குழந்தைகளைச் சிஞ்ச்வட் கோயில் வரையாவது கூட்டிப் போங்கள். பத்து கிலோமீட்டருக்குள்தான்.

கடைசியாக ஒரு விஷயம். பவனா முளாவில் சேர்ந்து, முளா முட்டாவோடு கூடி, பீமாவில் கலந்து, பீமா கிருஷ்ணாவில் சேருகிறது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் கிருஷ்ணா நீரில் தலா 5 டி.எம்.சி. சென்னையின் குடிநீருக்கு விட்டுக்கொடுப்பதாக 1976-ல் ஒப்புக்கொண்டன. ஸ்ரீசைலத்திலிருந்து கால்வாய் வெட்டி, 1996-ல் அந்தத் தண்ணீர் பூண்டி ஏரிக்கு வந்தது. நல்ல மழை பெய்து வழியில் உள்ள உஜ்ஜனி அணையும் நிரம்பி வழிகிற வருடத்தில், ஹாரிஸ் பாலத்துக்குக் கீழே போன தண்ணீரில் கொஞ்சம் சென்னையில் என் தங்கை வீட்டுக் குடத்திலும் விழலாம். இதை அவளிடம் போனில் சொன்னேன். "அண்ணா, அப்படியானால் அங்கே கொஞ்சம் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லு" என்றாள்.

பேத்திக்கு இப்போது சரியான பதில் தெரியும். அடுத்த மே மாதம் வாகேஷ்வர் தரிசனத்துக்கு அவளும் வருகிறாள், அவளுடைய சைக்கிளில். பாட்டிக்கும் சேர்த்து ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவதாக இருக்கிறோம்.