லஸ் கார்னரிலிருந்து லிஸ்பன்

1498இல் கோழிக்கோட்டை அடைந்த வாஸ்கோ ட காமா புறப்பட்ட நகரம் லிஸ்பன். மாணவர்கள் ஆண்டைச் சரியாக ஒப்பிப்பார்கள். லிஸ்பனோ அவர்களுக்கு வெறும் பெயர். அதனால் இப்பாடத்தை மயிலாப்பூர் லஸ் கார்னரிலிருந்து தொடங்குகிறேன்.

'லஸ்' போர்ச்சுக்கீசியச் சொல். ஒளி என்று பொருள். அங்குள்ள பிரகாச மாதா ஆலயத்தால் வந்த பெயர் அது. அடுத்து, வகுப்பறையில் உள்ள ஜன்னல், மேசை, அலமாரி, சாவி ஆகியவற்றைத் தொட்டுக் காட்டச் சொல்வேன். இந்த நான்கு சொற்களும் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தவையே.

தமிழும் லிஸ்பனுக்குச் சென்றது. 1554இல் ரோமன் எழுத்தில் அச்சான முதல் தமிழ் நூல் அங்குதான் வெளிவந்தது. இதைக் கேட்டதும் மாணவர்கள் உலகப்படத்தில் லிஸ்பனைத் தாமாகவே தேடுகிறார்கள்.

உங்கள் ஊரிலும் இத்தகைய பெயர்கள் இருக்கலாம். பாடத்தை அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.