பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ: தொலைவு ஒன்று, நேரம் வேறு

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்திலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் செல்லும் பொறியாளர்களும் அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும் தேவனஹள்ளியிலுள்ள பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு உள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் என்பது பெருவட்ட முறையில், அதாவது புவியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்டு இரு ஊர்களையும் தொட்டுச் செல்லும் வட்டத்தின் வில்லை அளந்து பெறப்படுவதாகும். கோளப் பரப்பில் இதைவிடக் குறுகிய வழி இல்லை. இரு நகரங்களும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 160 பாகை விலகியிருப்பதால், இவ்வில் திபெத், மங்கோலியா, கிழக்குச் சைபீரியா ஆகியவற்றின் மேலாக வடக்கே உயர்ந்து செல்கிறது.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இத்தொலைவைக் கடக்க 15 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆக வேண்டும். ஆனால் 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே இயக்கிய, இவ்வழித்தடத்தில் ஏர் இந்தியாவின் முதல் இடைநில்லா விமானம், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தின் மேலாக ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் பறந்து, சுமார் 17 மணி நேரத்தில் பெங்களூரை அடைந்தது. விமானங்கள் குறுகிய வில்லை விட்டு விலகுவதற்குக் காரணங்கள் பல. விமானத்தினுள் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், பயணிகள் இயல்பாக மூச்சுவிடுவதற்காக ஏறத்தாழ 10,000 அடி உயரத்துக்கு விரைந்து இறங்க வேண்டும். திபெத்தியப் பீடபூமியின் தரையே சராசரியாக 4,500 மீட்டர், அதாவது 15,000 அடியை நெருங்கும் உயரத்தில் இருப்பதால், அங்கு அவ்வாறு இறங்க இடமில்லை. வானின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டம் எதிர்ப்பட்டால் பயணம் நீளும். பின்னிருந்து தள்ளினால் குறையும். பிற நாடுகளின் வான்பரப்பு அனுமதியும் இக்கணக்கில் சேரும்.

பயணச்சீட்டைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடுவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே அச்சாகிறது. குளிர்காலத்தில் இரு நகரங்களுக்கும் 13½ மணி நேர வேறுபாடு இருப்பதால், ஜனவரி 9 இரவு புறப்பட்ட அவ்விமானம் ஜனவரி 11 அதிகாலையில் தரையிறங்கியது.

ஓசூர்வாசியின் பயணமோ பெங்களூரு நகர நெரிசலைக் கடக்கும் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் சாலையில் தொடங்குகிறது. ஓசூரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் 2,000 ஏக்கரில் அமையும் என்று 2024 ஜூன் 27 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. எனினும், 2008இல் திறக்கப்பட்ட பெங்களூரு நிலையத்துக்கும் மத்திய அரசுக்குமான ஒப்பந்தம், மைசூரு, ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டர் வான்வழித் தொலைவுக்குள் வேறு பன்னாட்டு நிலையம் அமைவதை 25 ஆண்டுகளுக்குத் தடுக்கிறது. ஓசூரோ அந்நிலையத்திலிருந்து வான்வழியில் 60 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. வாகன உற்பத்தியாலும் மலர் ஏற்றுமதியாலும் வளர்ந்துள்ள இவ்வட்டாரத்தை 2033 வரை காத்திருக்க வைக்காமல், மத்திய அரசும் அந்நிலைய நிர்வாகமும் இத்தடையைத் தளர்த்த முன்வர வேண்டும்.