வானிலிருந்து நில அளவை: ஒரு சிறுதொழிலின் விதிகளும் வழிகளும்

நிலத்தை அளந்து எல்லை வகுப்பது அரசாட்சியின் மிகப் பழமையான பணிகளுள் ஒன்று. 1767-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய நில அளவைத் துறை, சங்கிலியும் தியோடலைட்டும் கொண்டு இத்துணைக் கண்டத்தை அளந்தது. 1802-ஆம் ஆண்டு சென்னைக்கு அருகே அளக்கப்பட்ட அடிக்கோட்டிலிருந்து மாபெரும் முக்கோண அளவைப் பணி தொடங்கியது. அன்று பல மாதங்கள் பிடித்த வேலையை, இன்று சில கிலோ எடையுள்ள ஆளில்லாச் சிறு விமானம், அதாவது ட்ரோன், சில மணி நேரத்தில் செய்து தருகிறது. இதனால் படித்த இளைஞர்கள் மிதமான முதலீட்டில் தொடங்கக்கூடிய புதிய தொழில் ஒன்று உருவாகியுள்ளது. ஆனால் விதிகளை அறியாமல் இத்தொழிலில் இறங்குவோர் முதலை இழக்க நேரிடும். அவர்களது பிழையான வரைபடத்தை நம்புவோர் நிலத்தையே இழக்க நேரிடலாம்.

தேவை எங்கிருந்து வருகிறது?

கிராம நத்தங்களில் வீடு கட்டி வாழ்வோர் பலரிடம் உரிமை ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாத வீட்டை ஈடாக வைத்து வங்கிக் கடன் பெறுவதும் அரிது. இக்குறையைப் போக்க 2020 ஏப்ரல் 24 அன்று மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ‘ஸ்வாமித்வா’ திட்டத்தைத் தொடங்கியது. ஊர் மக்கள் முன்னிலையில் மனைகளின் எல்லைகள் சுண்ணாம்புக் கோடுகளால் குறிக்கப்படுகின்றன. பின்னர் ட்ரோன் மேலிருந்து படம் எடுக்கிறது. ஆட்சேபங்கள் கேட்டு முடிவு செய்யப்பட்ட பிறகே சொத்து அட்டை வழங்கப்படுகிறது. 2025 ஜனவரி 18 அன்று ஒரே நாளில் 50,000-க்கும் மேற்பட்ட கிராமங்களைச் சேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 65 லட்சம் அட்டைகள் வழங்கப்பட்டன.

நகர்ப்புற நிலங்களை அளக்கும் ‘நக்ஷா’ முன்னோடித் திட்டம் 2025 பிப்ரவரி 18 அன்று மத்தியப் பிரதேசத்தின் ரெய்சனில் 152 நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளுக்காகத் தொடங்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட கனிம விதிகளின்படி, ஆண்டுக்கு 10 லட்சம் டன் அல்லது அதற்கு மேல் தோண்டத் திட்டமிட்டுள்ள சுரங்கங்களும், 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகைப் பரப்புள்ள சுரங்கங்களும் ஆண்டுதோறும் ட்ரோன் அளவைப் படங்களை அளிக்க வேண்டும். நெடுஞ்சாலை, கால்வாய், மின்தடம் ஆகியவற்றின் பணிகளிலும் இச்சேவை பயன்படுகிறது.

பறப்பதற்கான விதிகள்

2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள் முந்தைய கெடுபிடிகளைப் பெரிதும் தளர்த்தின. எடையைப் பொறுத்து ட்ரோன்கள் ஐந்து வகைப்படும். 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறியது. 150 கிலோ வரை நடுத்தரம். அதற்கு மேல் பெரியது. அளவைத் தொழிலில் பெரும்பாலும் மைக்ரோ, சிறிய வகைகளே பயன்படுகின்றன.

தொழில் தொடங்குவோர் நிறைவேற்ற வேண்டியவை நான்கு. முதலாவது, வாங்கும் ட்ரோன் வகைச் சான்று பெற்ற மாதிரியாக இருத்தல் வேண்டும். 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கன்றித் தடை செய்யப்பட்டுள்ளது. எனவே மலிவாகக் கிடைக்கிறதென்று சான்றில்லாத கருவியை வாங்குவோர், அதனைச் சட்டப்படி தொழிலில் இறக்க முடியாமல் பணத்தை முடக்கிக்கொள்வர். இரண்டாவது, ஒவ்வொரு ட்ரோனுக்கும் இணையவழியில் தனித்த அடையாள எண் பெற வேண்டும். மூன்றாவது, இயக்குபவர் தொலை விமானிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். 18 முதல் 65 வயதிற்குட்பட்டு, பத்தாம் வகுப்புத் தேறியவர்கள், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் பயின்று இதனைப் பெறலாம். இது 10 ஆண்டுகள் செல்லும். மைக்ரோ ட்ரோனை வணிக நோக்கமின்றி இயக்குவோருக்கு உள்ள விலக்கு, கட்டணம் பெற்று அளப்போருக்குப் பொருந்தாது. நான்காவது, நானோ தவிர ஏனையவற்றிற்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

வான்வெளி மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு இணைய வரைபடத்தில் காட்டப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை பறக்க முன் அனுமதி வேண்டியதில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவிற்குள் இந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. மஞ்சள் மண்டலத்தில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியும், சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியும் தேவை. மேலும், மாநில அரசோ சட்டம் ஒழுங்கு அமைப்போ ஓரிடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஆகவே நேற்று பறந்த இடத்தில் இன்று பறக்கலாம் என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு பறப்பிற்கு முன்பும் வரைபடத்தைப் பார்த்தல் வேண்டும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்திற்குள் அறிக்கை அளிக்க வேண்டும்.

தரவுகளுக்கான விதிகள்

பறப்பதற்கு ஒரு விதி, எடுத்த படத்திற்கு வேறொரு விதி என்பதைப் பலர் உணர்வதில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான புவியிடத் தரவு வழிகாட்டுதல்களின்படி, இந்திய நிறுவனங்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதியோ உரிமமோ பெற வேண்டியதில்லை. விதிகளைப் பின்பற்றுவதாகத் தாமே சான்றளித்தால் போதும். ஆனால் கிடைமட்டத்தில் 1 மீட்டர், செங்குத்தில் 3 மீட்டர் என்னும் வரம்பை விட நுண்ணிய தரவுகளை இந்திய நிறுவனங்களே உருவாக்கலாம். அவற்றை இந்தியாவிற்குள்ளேயே சேமித்துச் செயலாக்க வேண்டும். ட்ரோன் அளவை பெரும்பாலும் இவ்வரம்பை விட நுண்ணியதே. எனவே படங்களை அயல்நாட்டுக் கணினி மையத்திற்கு அனுப்பிச் செயலாக்குவது விதிமீறலாகும்.

அளவையின் நுட்பம்

100 மீட்டர் உயரத்தில் பறக்கும் ஒரு கேமராவின் உணர்தகடு 13.2 மில்லிமீட்டர் அகலமும், குவிய நீளம் 8.8 மில்லிமீட்டரும், படத்தின் அகலம் 5,472 புள்ளிகளும் கொண்டது எனக் கொள்வோம். ஒரு படம் தரையில் 150 மீட்டர் அகலத்தை அடக்கும். ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 2.7 சென்டிமீட்டரைக் குறிக்கும். அடுத்தடுத்த வரிசைகள் 70 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டுமாயின், வரிசைகளின் இடைவெளி 45 மீட்டர். ஆகவே ஒரு சதுர கிலோமீட்டரை அளக்க ஏறத்தாழ 23 வரிசைகள், 23 கிலோமீட்டர் பறப்பு தேவை. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், திரும்பும் நேரம் நீங்கலாக, இது சுமார் 38 நிமிடம் ஆகும். இக்கணக்கின்படியே மின்கலங்களின் எண்ணிக்கையையும் கட்டணத்தையும் முடிவு செய்ய வேண்டும்.

படம் தெளிவாக இருப்பது வேறு, அது சரியான இடத்தில் பொருந்துவது வேறு. தரையில் குறியிட்டு, செயற்கைக்கோள் வழி இடங்காண் கருவியால் அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இன்றேல், முழு வரைபடமும் ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்து நிற்கக்கூடும். வயல்வெளியில் இது பெரிதாகத் தோன்றாது. நெருக்கமான நத்தத்தில் அதுவே ஒரு குடும்பத்தின் சுவரை அடுத்த மனைக்குள் தள்ளிவிடும். எனவே கணக்கீட்டில் சேர்க்காத சில சோதனைப் புள்ளிகளையும் தனியே அளந்து, பிழையின் அளவை அறிக்கையில் குறிப்பிடுவது நேர்மையான நடைமுறையாகும். கூரைச் சரிவும் மரநிழலும் எல்லையை மறைக்கும் இடங்களில் தரையில் இறங்கி அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மேலும், ட்ரோன் வரைபடம் உரிமைப் பத்திரம் ஆகாது. எல்லை எங்குள்ளது என்பதை அது காட்டும். நிலம் யாருடையது என்பதை வருவாய்த் துறையும் நீதிமன்றமுமே தீர்மானிக்கும். இதனை வாடிக்கையாளருக்கு ஒப்பந்தத்திலேயே தெளிவாக்குதல் நல்லது.

தொழிலை நிலைநிறுத்தல்

உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனங்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2006-ஆம் ஆண்டின் நுண், சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, நுண், சிறு நிறுவனங்களின் பணியை ஏற்றுக்கொண்டவர் 45 நாட்களுக்குள் தொகையைச் செலுத்த வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். ஒப்பந்தப் பணத்திற்காகக் காத்திருந்தே பல சிறு நிறுவனங்கள் நலிவுறுவதால், பணி ஒப்படைத்த நாளுக்கு எழுத்து வடிவிலான சான்று பெற்று வைத்தல் இன்றியமையாதது. பணி வழங்கும் அதிகாரிகளும் மிகக் குறைந்த கட்டணத்தை மட்டும் பார்க்காமல், அடையாள எண், விமானிச் சான்று, காப்பீடு, சோதனைப் புள்ளிகளின் அறிக்கை ஆகிய நான்கையும் கேட்டுப் பெற வேண்டும்.

விதிகளும் மாறி வருகின்றன. 2025 செப்டம்பரில் ட்ரோன்கள் குறித்த வரைவு மசோதா ஒன்று பொதுமக்களின் கருத்திற்காக வெளியிடப்பட்டது. ஆதலின் இத்தொழிலில் ஈடுபடுவோர் அரசு அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனித்தல் அவசியம். கருவியின் விலை ஆண்டுதோறும் குறையலாம். ஆனால் ஓர் ஏழையின் மனை எல்லையைப் பிழையின்றிக் காட்டும் பொறுப்பு குறைவதில்லை. அப்பொறுப்பை உணர்ந்து செயல்படும் நிறுவனமே இத்துறையில் நிலைத்து நிற்கும்.