சதுரங்கத்தின் பழைய விதிகள்

திருநெல்வேலிச் சீமையில் இன்று நீங்கள் ஆடும் சதுரங்கம், இந்தியாவில் தோன்றி, பாரசீகமும் அரபு நாடுகளும் கடந்து ஐரோப்பா சென்று, அங்கே உருமாறித் திரும்பிய ஆட்டமாகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நம் நாட்டில் பழைய விதிகள் வழக்கில் இருந்தன.

அவ்விதிகளின்படி, சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டுதல் இல்லை. அதற்கு ஈடாக, செக் வைக்கப்படுமுன் அரசன் ஒரே ஒருமுறை குதிரையைப்போல் தாவலாம். ஆகவே படைகள் மெல்லவே நெருங்கும். மனப்பாடம் செய்த தொடக்க நகர்வுகள் பயன்படா. ஒவ்வொரு காயையும் எங்கே நிறுத்துவது என்று தாமே சிந்தித்தல் வேண்டும்.

இவ்வாறு பயின்றவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். 1929இல் இங்கிலாந்து சென்ற அவர், ஐரோப்பிய விதிகளில் ஆடி, அவ்வாண்டிலும் 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். தொடக்க நகர்வு நூல்களில் அவருக்குப் பயிற்சி குறைவு. இறுதிக்கட்ட ஆட்டத்திலோ பெரும் வல்லவர்.

பழைய ஆட்டத்துக்குப் புதுப் பலகை வேண்டா. உங்கள் பலகையே போதும். பொருநைக் கரையில் ஒரு மாலைப்பொழுது ஆடிப் பாருங்கள். ஊருக்கு ஊர் சில விதிகள் வேறுபட்டன. உங்கள் ஊர் முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆடுவோரும் எழுதுவோரும் இன்றேல், அவை அவர்களோடே மறைந்துவிடும்.