ஈரச் சுவரில் எழுதிய ஓவியம்



பல்லாண்டுகளுக்கு முன், பள்ளி ஆண்டு விழாவுக்கென வெள்ளையடித்த சுவரொன்றில் காவிப்பொடியை வெறும் நீரில் குழைத்துத் தோரணம் தீட்டினேன். விழா முடிவதற்குள் அதில் பாதி, சுவரில் சாய்ந்த பிள்ளைகளின் சட்டைகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நிறம் இருந்தது, பிடிப்பு இல்லை.

உலர்ந்த சுவரில் எழுதுவோர் நிறப்பொடியுடன் வேப்பம் பிசினோ வச்சிரமோ சேர்ப்பர். தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரத்தை எங்கள் பள்ளிகொண்டாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் ஓவியத்தில் ஆளிவிதை எண்ணெயே இவ்வேலையைச் செய்கிறது.

பசையே வேண்டாத முறையும் ஒன்றுண்டு. தோல் பதனிடுவோர் மயிர் களையப் பயன்படுத்தும் அதே நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் பூசி, காரை ஈரமாய் இருக்கும்போதே, நீரில் குழைத்த நிறத்தை இடுவர். ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாக இறுகும். இறுகும்போது நிறத்துகள்களையும் தன்னுள் பற்றிக்கொள்ளும். பிறகு கையால் தடவினாலும் நிறம் எளிதில் ஒட்டாது.

ஆனால் ஓவியன் விரைய வேண்டும். காரை உலருமுன் கோடு முடிய வேண்டும். பிழைத்த கோட்டை அழித்தெழுத இடமில்லை. நிறங்களிலும் தேர்வு உண்டு. சுண்ணாம்பின் காரம் செடிச் சாயங்கள் பலவற்றைக் கெடுத்துவிடும். ஆகவே காவி, மஞ்சள் மண், பச்சை மண், விளக்குக் கரி போன்றவையே துணை.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட வழியில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியகத்து வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் பின்னர் அதனை ஆராய்ந்து, ஈரச் சுவரில் எழுதியதே என்றார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய நிறம் அது!

அவ்வளவு தொலைவு போக இயலாதவர்களுக்கு ஆம்பூர்ப் பக்கத்து மலையாம்பட்டில் ஆர்மாமலைக் குகை இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சமண ஓவியங்கள் அங்கே உள்ளன. மண்பூச்சின்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சிட்டு எழுதியவை. நிறம் எவ்வளவு உறுதியாகப் பற்றினாலும், பூச்சு பாறையை விட்டால் ஓவியமும் உடன் போயிற்று. இன்று எஞ்சியிருப்பவை சிறு சிறு பகுதிகளே. செல்வோர் விளக்கமாகத் தெரியட்டுமென்று நீர் தெளித்துப் பார்க்காதீர்கள். அந்த ஈரம் பூச்சைத் தளர்த்தும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண் இருளுக்குப் பழகும்வரை சற்றே நில்லுங்கள். காவி தானே புலப்படும்.