ரிப்போர்ட் நெகட்டிவ்தான், ஆனாலும் பயம் போகலையா?

டெஸ்ட் எடுத்தாச்சு, ரிப்போர்ட்டும் நெகட்டிவ். ஆனா பாத்ரூம் கதவைச் சாத்திட்டு ஃபோன் டார்ச் அடிச்சுப் பாக்குறதை மட்டும் நிறுத்த முடியலை. ஹெர்பிஸ் இருக்குமோங்கிற சந்தேகம் அப்படியே இருக்கு. நீங்க அந்த ஆளா இருந்தா இது உங்களுக்குத்தான். இல்லைன்னாலும் படிங்க, உங்க ரூம்மேட்டுக்குத் தேவைப்படலாம்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன்கிட்ட மூணு ரிப்போர்ட் இருக்கு. அவன் சம்மதத்தோடதான் எழுதுறேன். முதல் டெஸ்ட், பயந்த சம்பவம் நடந்து பத்தாவது நாள், ஆப் மூலமா புக் பண்ணின ஐ.ஜி.எம். அடுத்தது ஐந்தாவது வாரத்தில் ஐ.ஜி.ஜி. கடைசியா நாலு மாசம் கழிச்சு இன்னொரு ஐ.ஜி.ஜி. மூணும் நெகட்டிவ். முதல் ரிப்போர்ட் வந்த அன்னைக்கு எங்களுக்கெல்லாம் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். மூணாவது வந்தப்ப சந்தோஷமே இல்லை, "டெஸ்ட்டே தப்போ"ன்னு ஆரம்பிச்சுட்டான். உண்மையில் இது தலைகீழா நடந்திருக்கணும். ஏன்னு புரியணும்னா அந்த டெஸ்ட்கள் எதைத் தேடுதுன்னு தெரியணும்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் உதட்டோரம் கொப்புளமா வரும். இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்புப் பக்கம். முதல் வகையும் கீழே வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களில் சுமார் 380 கோடி பேருக்கு முதல் வகை இருக்கு, அதாவது மூணில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. இரண்டாம் வகை 15 முதல் 49 வயசுக்குள் சுமார் 52 கோடி பேருக்கு. நிறையப் பேருக்கு முதல் வகை சின்ன வயசிலேயே, ஏதோ ஒரு அத்தையோ தாத்தாவோ முத்தம் கொடுத்ததில் வந்திருக்கும். உடம்பில் நுழைஞ்ச வைரஸ் நரம்பு முடிச்சில் போய் அமைதியா உட்கார்ந்துக்கும். சிலருக்கு அப்பப்ப வெளியே வரும், பலருக்குத் தெரியவே தெரியாது.

ரத்த டெஸ்ட் இந்த வைரஸைத் தேடுறதில்லை. வைரஸுக்கு எதிரா நம்ம உடம்பு தயாரிச்ச ஆன்டிபாடியைத் தேடுது. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கிற காகிதத்தை வச்சு இங்க வெடி போட்டிருக்காங்கன்னு கண்டுபிடிக்கிற மாதிரி. அந்தக் காகிதம் சேர நாள் ஆகும். ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடி அளக்கிற அளவுக்கு வர சிலருக்கு 12 வாரம் வரைக்கும் ஆகலாம். அதனால ஐந்தாவது வார நெகட்டிவ் பாதிப் பதில்தான். 12 வாரம் தாண்டி எடுத்த நெகட்டிவுக்குத்தான் எடை அதிகம். பத்தாவது நாள் ஐ.ஜி.எம். இருக்கே, அதை எடுத்திருக்கவே வேண்டாம். ஹெர்பிஸில் ஐ.ஜி.எம். எந்த வகைன்னு பிரிச்சுச் சொல்லாது, பழைய தொற்று திரும்ப வரும்போதும் பாசிட்டிவ் காட்டலாம். அமெரிக்காவின் சி.டி.சி. இதைப் பயன்படுத்தாதீங்கன்னே சொல்லுது. ஆனாலும் நம்ம ஊர் லேப் லிஸ்ட்களில் ஐ.ஜி.எம். ஜம்முனு இருக்கு.

"சரி, ஐ.ஜி.ஜி. நூறு சதவீதம் கரெக்டா?" இல்லை. முதல் வகையை அது கணிசமாவே தவறவிடும். பரவலா பயன்படுத்தின ஒரு கிட்டில் நூறில் முப்பது பேர் வரைக்கும் தப்பிச்சிருக்காங்க. இரண்டாம் வகையில் அது எவ்வளவோ மேல். இங்கதான் நாம மூணாவது செமஸ்டரில் தூங்கிட்டே படிச்ச ப்ராபபிலிட்டி உதவும். ஒரு பேச்சுக்கு எண்களை எடுத்துக்குவோம். உங்களை மாதிரி 1000 பேர், அதில் 50 பேருக்கு உண்மையிலேயே இரண்டாம் வகை இருக்கு. டெஸ்ட்டின் சென்சிடிவிட்டி 92, ஸ்பெசிஃபிசிட்டி 95 சதவீதம். 50 பேரில் 46 பேரைப் பிடிக்கும், 4 பேரை விட்டுடும். மீதி 950 பேரில் சுமார் 47 பேருக்கு ஒண்ணுமே இல்லாம பாசிட்டிவ் காட்டும். ஆக நெகட்டிவ் வந்த 907 பேரில் தப்பானது 4. பாசிட்டிவ் வந்த 93 பேரில் தப்பானது 47, பாதிக்கு மேல!

நெகட்டிவை நம்பாம நாலாவது, ஐந்தாவது தடவை டெஸ்ட் எடுக்கிறவர் என்ன பண்றார்னு இப்பப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து ஒரு பொய் பாசிட்டிவுக்கு வாய்ப்பு வாங்குறார். அது வந்த அன்னைக்கு "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு அதை மட்டும் நம்புவார். இரண்டாம் வகை ஐ.ஜி.ஜி.யில் இன்டெக்ஸ் 1.1 முதல் 3 வரைக்கும் வர்ற 'லோ பாசிட்டிவ்' நிறையத் தடவை பொய்யாப் போறது தெரிஞ்ச விஷயம்தான். வேற முறையில் உறுதி செய்யணும். அறிகுறியே இல்லாதவங்களுக்கு இந்த ரத்த டெஸ்ட் வேண்டாம்னு அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2023-ல் மறுபடியும் சொன்னதுக்கும் இதுதான் காரணம்.

அறிகுறி இருக்கிறவங்களுக்கு நல்ல டெஸ்ட் வேற இருக்கு. கொப்புளமோ புண்ணோ புதுசா இருக்கும்போதே, முடிஞ்சா முதல் இரண்டு நாளுக்குள், அதுமேல ஸ்வாப் எடுத்து பி.சி.ஆர். பண்றது. கொரோனாவுக்கு மூக்கில் எடுத்தாங்களே, அதே பி.சி.ஆர். தான். இது வைரஸையே தேடுது, எந்த வகைன்னும் சொல்லிடும். புண் காய்ஞ்ச பிறகு எடுத்தா பயனில்லை, அப்ப வர்ற நெகட்டிவுக்கும் பெரிய மதிப்பில்லை. ஆனா நாம ஸ்வாப் பக்கமே போறதில்லை, ஏன்னா அதுக்குக் காட்டணும். ரத்தம் கொடுக்கக் கையை நீட்டினா போதும். எனக்குத் தெரிஞ்சவன் நாலு மாசத்தில் ஒரு டாக்டர்கிட்டகூடக் காட்டலை. சிவகாசி, சாத்தூர் மாதிரி ஊர்களில் லேப்பில் ரத்தம் எடுக்கிற அண்ணன் நம்ம தெருக்காரராகவோ அம்மாவுக்குத் தெரிஞ்சவராகவோ இருப்பார். அதனால ஆப், அதனால கூரியர் ரிப்போர்ட். வெட்கம் புரியுது. ஆனா விடை இருக்கிற இடத்தை விட்டுட்டு வேற இடத்தில் தேடிக்கிட்டு இருக்கோம்.

சரி, ஹெர்பிஸ் இல்லைன்னா அந்த அரிப்பும் புள்ளியும் என்ன? நம்ம ஊர் வெயிலை யோசிங்க. பைக்கில் ஒரு மணி நேரம், உள்ள டைட் ஜீன்ஸ். தொடை இடுக்கில் படர்தாமரை வர வேற என்ன வேணும்? ஷேவ் பண்ணினா முடி வேரில் வர்ற சின்னச் சீழ்க்கட்டி, வேர்க்குரு, புது சோப்பு ஒத்துக்காம வர்ற எரிச்சல், பொண்ணுங்களுக்கு ஈஸ்ட் தொற்றால் வர்ற அரிப்பும் கீறலும், எல்லாமே ஹெர்பிஸ் மாதிரி பயம் காட்டும். லீவில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போற பசங்க நம்ம காலேஜிலும் உண்டு. கையில் ஒட்டின அலுமினியப் பவுடரும் கந்தகமும் வேர்வையோட சேர்ந்தா தோல் எரியத்தான் செய்யும். பாத்ரூம் போறதுக்கு முன்னாடியும் கை கழுவுங்க, அவ்வளவுதான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குற 'எல்லாத்துக்கும் ஒரே க்ரீம்' மட்டும் வேண்டாம். அதில் பலதில் ஸ்டீராய்டு இருக்கு. படர்தாமரையை உருமாத்தி, டாக்டருக்கே அடையாளம் தெரியாமப் பண்ணிடும்.

ஹெர்பிஸோட முதல் வருகை பொதுவா இப்படி இருக்கும்: தொற்றின 2 முதல் 12 நாளில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் கொத்தா வரும், உடைஞ்சு வலிக்கிற புண்ணாகும், சிலருக்குக் காய்ச்சலும் தொடையிடுக்கில் நெறியும் கட்டும், இரண்டு முதல் நாலு வாரத்தில் ஆறும். மாசக்கணக்கில் ஒரே இடத்தில் மாறாம இருக்கிற புள்ளி அந்த மாதிரி இல்லை. வலியே இல்லாத ஒரு புண் வந்தா மட்டும் உடனே போங்க, அது சிஃபிலிஸா இருக்கலாம். ஹெர்பிஸையே நினைச்சுக்கிட்டு அந்த டெஸ்டையும் எச்.ஐ.வி. டெஸ்டையும் விட்டுடுறவங்க இருக்காங்க.

இன்னொரு குழப்பம் நம்ம வீடுகளில் மட்டும் வரும். இடுப்பில் ஒரு பக்கமா வரிசையாக் கொப்புளம் வந்தா பாட்டி "அக்கி"ன்னு சொல்லி, வேளார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் காவியில் அக்கி எழுதச் சொல்லும். டாக்டர் சீட்டில் அதுக்குப் பேர் 'ஹெர்பிஸ் ஜோஸ்டர்'. அந்த முதல் வார்த்தையைப் பார்த்து ஒருத்தர் கூகுள் பண்ணினா வீடே கலங்கிடும். அது வேற வைரஸ், சின்ன வயசில் வந்த அம்மை நரம்பில் ஒளிஞ்சிருந்து திரும்ப வர்றது. செக்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பொதுவா இரண்டு மூணு வாரத்தில் அதுவே ஆறிடும், பேரு காவிக்குப் போயிடும். மாத்திரை முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிச்சா நல்லது, கண் பக்கம் வந்தா ஒரு நாளும் தள்ளிப்போடாதீங்க.

எல்லாம் பார்த்தாச்சு, டாக்டரும் ஒண்ணுமில்லைன்னுட்டார், ஆனா ஊசி குத்துற மாதிரி இன்னும் இருக்கா? பதட்டத்துக்கே அந்த உணர்வைக் கொண்டுவர முடியும். ஒரு நிமிஷம் உங்க இடது உள்ளங்கால் மேலயே கவனத்தை வையுங்க, அங்கயும் ஏதோ ஊரும். பால்வினை நோய் பத்தின தீராத பயத்துக்கு டாக்டர்கள் தனிப் பேரே வச்சிருக்காங்க, வெனிரியோஃபோபியான்னு. அதாவது இது உங்க ஒருத்தருக்கு மட்டும் வந்த பைத்தியம் இல்லை. டார்ச் அடிச்சுப் பாக்குறதும், மறுபடி டெஸ்ட் எடுக்குறதும், நண்பனிடம் "ஒண்ணுமில்லைல?"ன்னு கேக்குறதும் அரை மணி நேர நிம்மதி தரும், அப்புறம் பயத்துக்குத் தீனி போடும். அவன் அக்கா குழந்தைக்கு அப்ப இரண்டு மாசம். தொட்டா ஒட்டிக்கும்னு தூக்கவே இல்லை. உதட்டில் கொப்புளம் இருக்கிறவங்க பச்சைக் குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாதுங்கிறது நிஜம். ஆனா அவனுக்கு உதட்டிலும் ஒண்ணுமில்லை, ரிப்போர்ட்டிலும் ஒண்ணுமில்லை. இந்த நிலைமைக்கு மருந்து ஆறாவது டெஸ்ட் இல்லை, பேசுறதுதான். டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரத்திலும்.

ஒருவேளை பாசிட்டிவே வந்தா? வைரஸை முழுசா விரட்ட மருந்து கிடையாது, ஆனா அசைக்ளோவிர் நல்லா அடக்கும், விலையும் கம்மி. பார்ட்னரிடம் சொல்லணும், புண் இருக்கும்போது உறவைத் தவிர்க்கணும், காண்டம் ஆபத்தைக் குறைக்கும், முழுசாத் தடுக்காது. இரண்டாம் வகை இருக்கிறவங்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுதல். கர்ப்பத்தின் கடைசி மாசங்களில் புதுசா வந்தா குழந்தைக்கு ஆபத்து, டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும். மத்தபடி படிப்பு, வேலை, கல்யாணம் எதுவும் நின்னுடாது.

எங்க போறது? தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் 'சுக வாழ்வு மையம்'னு ஒண்ணு இருக்கும். பால்வினை நோய்க்கான பிரிவு, கவுன்சிலர் உண்டு, மருந்து இலவசம். நம்ம மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. கேள்வி கேட்கணும்னா 1097-க்குப் போன் பண்ணலாம். அந்தப் போர்டு இருக்கிற அறைக்குள் போகத் தயக்கமா இருந்தா இதைத் தெரிஞ்சுக்கோங்க: இந்தியாவில் தோல் டாக்டருக்கான எம்.டி. படிப்பிலேயே பால்வினை நோயும் சேர்ந்ததுதான். முகப்பரு காட்ட வந்தவங்க உட்கார்ந்திருக்கிற அதே பெஞ்சில்தான் நீங்களும் உட்காருவீங்க. ஓ.பி. சீட்டுப் போடுற இடத்தில் "ஸ்கின்"னு சொன்னா போதும், மத்ததை உள்ள போய்ச் சொல்லிக்கலாம்.